டிஸ்னிலாண்டின் பின்கதவு: குடும்பத்தோடு போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

பாரிஸில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளுக்குப் போனால், வரவேற்பறைச் சுவரில் ஏறத்தாழ ஒரே மாதிரியான ஒரு புகைப்படத்தைப் பார்க்கலாம். பின்னால் இளஞ்சிவப்பு நிறக் கோட்டை. முன்னால் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவே சேலைக்கு மேல் குளிர் அங்கி அணிந்து நிற்கும் அம்மம்மா. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஈபிள் கோபுரம், லூர்து மாதா கோயில், டிஸ்னிலாண்ட் என்று ஒரு சுற்று இருக்கிறது. வீசாவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து வரும் தாய் தகப்பனுக்கு அது அநேகமாக வாழ்க்கையில் ஒரேயொரு முறை வாய்க்கும் நாள்.

அந்த நாளின் விலையும் சிறியதல்ல. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நுழைவுச்சீட்டுக்கு மட்டும் சில நூறு யூரோ போய்விடும். உணவகச் சமையலறையிலோ துப்புரவுப் பணியிலோ உழைக்கும் ஒருவருக்கு அது பல நாள் சம்பளம். அப்படிப்பட்ட ஒரு நாளின் பாதியை வரிசையில் நின்றும், மீதியில் ஒரு பகுதியைக் கடைகளுக்குள் அகப்பட்டும் கழித்துவிட்டுக் களைத்துத் திரும்பும் குடும்பங்கள் நிறைய.

இது தற்செயலாக நடப்பதல்ல. தூரம், நேரம், செலவு ஆகிய மூன்றையும் வருகிறவர் மறக்கும்படி திட்டமிட்டுக் கட்டப்பட்ட இடம் அது. எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பது தெரிந்தால் அதன் அழகு குறையாது. ஆனால் அன்றைய நாள் உங்கள் கையில் இருக்கும்.

சினிமாக்காரர் கட்டிய ஊர்

முதலாவது டிஸ்னிலாண்ட் 1955 ஜூலை 17ஆம் திகதி கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர்களில் பலர் வால்ட் டிஸ்னியின் திரைப்படக் கூடத்தில் வேலை செய்த கலை இயக்குநர்களும் சித்திரக்காரர்களும். ஊடகக் கற்கைகள் படித்த எனக்கு அந்தப் பூங்காவின் அமைப்பில் முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஒரு படத்தின் காட்சிகள் அடுக்கப்படுவது போல அங்கே இடங்கள் அடுக்கப்பட்டுள்ளன. ரயில் நிலையத்துக்குக் கீழே நுழைந்து வெளியே வந்தால் திரை விலகியது போல ஒரு பழைய அமெரிக்கக் கடைத்தெரு. தெருவின் முடிவில் கோட்டை.

தூரத்தில் உயரமாக எதையாவது நிறுத்தி மனிதரை அதை நோக்கி நடக்க வைப்பதற்கு வால்ட் டிஸ்னி ஒரு செல்லப் பெயர் வைத்திருந்தார்: ‘வீனி’. நாயைக் கூட்டிச்செல்லக் கையில் பிடித்துக் காட்டும் சொசேஜ் துண்டு என்பது அதன் பொருள். கோட்டை ஒரு வீனி. காட்டு மேற்குப் பகுதியின் செம்மலை இன்னொன்று. நாங்கள் எங்கே நடக்க வேண்டும் என்பதை எங்களுக்கு முன்பே ஒருவர் முடிவு செய்து வைத்திருக்கிறார்.

கட்டடங்களின் உயரத்திலும் ஒரு தந்திரம் உண்டு. கடைத்தெருவில் கீழ்த்தளத்தைவிட மேல்தளங்கள் சிறிய அளவில் கட்டப்பட்டுள்ளன. அதனால் இரண்டு மாடிக் கட்டடமும் பெரிய கட்டடமாகத் தெரியும். கலிபோர்னியாவின் கோட்டை 23 மீற்றர் அளவே உயரமானது. மேலே போகப் போகக் கற்களும் யன்னல்களும் சிறுத்துக்கொண்டே போவதால் கண் அதை நம்புவதில்லை. புளோரிடாவில் உள்ள சிண்டரெல்லா கோட்டையின் உயரம் 189 அடி. 200 அடியை எட்டியிருந்தால் விமானங்களுக்கான எச்சரிக்கை விளக்கை உச்சியில் பொருத்த வேண்டியிருக்கும். தேவதைக் கதைக் கோட்டையில் சிவப்பு விளக்கு மினுங்குவதை யாரும் விரும்பவில்லை.

காட்ட விரும்பாதவற்றை மறைக்க ஒரு நிறமே இருக்கிறது. ‘விலகிப்போ பச்சை’ என்று பொருள்படும் பெயர் கொண்ட, சாம்பல் கலந்த மங்கிய பச்சை அது. மின்பெட்டிகள், பணியாளர் கதவுகள், வேலிகள் எல்லாவற்றுக்கும் அதைப் பூசிவிடுகிறார்கள். கண் அதன் மேல் தங்காமல் நழுவிப் போய்விடும். அடுத்த முறை போகும்போது பிள்ளைகளிடம் அந்தப் பச்சைக் கதவுகளை எண்ணச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும்போது நல்ல விளையாட்டு அது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் போத்ரியார் 1981இல் வெளியான தன் நூலில் டிஸ்னிலாண்டை எடுத்துக்கொண்டு ஒரு வாதத்தை வைத்தார். வெளியே இருக்கும் அமெரிக்கா உண்மையானது என்று நம்பவைப்பதற்காகவே இந்த இடம் கற்பனையாகக் காட்டப்படுகிறது என்பது அதன் சாரம். பல்கலைக்கழகத்தில் இதைப் படிப்பது ஒன்று, ஆறு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது வேறொன்று. அந்தப் பிள்ளைக்கு வாதம் தேவையில்லை. கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே என்பது தெரிந்த பெரியவர் ஒருவர் தேவை.

நிலத்துக்குக் கீழே

கலிபோர்னியாவில் ஒருநாள், காட்டு மேற்குப் பகுதிக்கான மாட்டுக்கார உடையில் இருந்த ஒரு பணியாளர் எதிர்கால உலகப் பகுதியூடாக நடந்து போவதை வால்ட் டிஸ்னி கண்டு மனம் சலித்தார் என்று சொல்லப்படுகிறது. அவர் 1966 டிசெம்பரில் இறந்தார். அவருக்குப் பின் 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி புளோரிடாவில் திறக்கப்பட்ட மேஜிக் கிங்டம் பூங்காவில் இந்தப் பிரச்சினைக்குத் தீர்வு கண்டிருந்தார்கள்: பூங்காவுக்குக் கீழே ஒரு சுரங்கப்பாதை வலை.

உண்மையில் அது சுரங்கமே அல்ல. புளோரிடாவில் நிலத்தடி நீர் மிக மேலே இருப்பதால் ஆழமாகத் தோண்ட முடியாது. எனவே பாதைகளை நிலமட்டத்தில் கட்டி, அருகில் ஏரி வெட்டிய மண்ணால் மூடி, அதற்கு மேலே பூங்காவை எழுப்பினார்கள். அங்கே நடப்பவர்கள் தரையில் நடப்பதாக நினைத்துக்கொண்டு முதலாம் மாடியில் நடக்கிறார்கள். கீழே உடை மாற்றும் அறைகள், பணியாளர் உணவகம், பொருட்கள் கொண்டுசெல்லும் மின்வண்டிகள், குப்பையைக் காற்றால் உறிஞ்சிக் கொண்டுபோகும் குழாய்கள் எல்லாம் இருக்கின்றன.

பாரிஸில் அப்படியான முழு வலை கிடையாது. அங்கே பின்னணி வேலைகள் பெரும்பாலும் பூங்காவின் விளிம்பில், மரங்கள் நட்ட மண்மேட்டுக்கு அப்பால் நடக்கின்றன. ஆனாலும் உங்களுக்குத் தெரியாமலேயே நீங்கள் நிலத்துக்குக் கீழே போகும் இரண்டு இடங்கள் பாரிஸிலும் உள்ளன. ஒன்று ‘ஃபாண்டம் மேனர்’ என்ற பேய் மாளிகை. அதன் முதல் அறையில் சுவர்கள் நீளுவது போலத் தோன்றும். நீள்வதல்ல அது. நீங்கள் நிற்கும் அறை ஒரு மின்தூக்கி. மெல்லக் கீழே இறங்குகிறது. பூங்காவின் எல்லைக்கு வெளியே இருக்கும் பெரிய கட்டடத்துக்கு உங்களைக் கொண்டுபோகும் வழி அது. புளோரிடாவில் இதே காட்சிக்குக் கூரையைத்தான் மேலே உயர்த்துகிறார்கள்.

மற்றது ‘பிக் தண்டர் மவுண்டன்’ சுரங்க ரயில். பாரிஸில் அந்த மலை ஒரு ஏரியின் நடுவே தீவாக நிற்கிறது. ஏறும் இடமோ கரையில். ஆகவே ரயில் புறப்பட்டவுடன் இருட்டுக்குள் பாய்ந்து தண்ணீருக்குக் கீழாகத் தீவுக்குப் போகிறது. முடிவில் மீண்டும் தண்ணீருக்குக் கீழாகவே திரும்புகிறது. இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைக்கு இதை முன்பே சொல்லிவைத்தால், அது அழுகிற இடமல்ல, காத்திருக்கிற இடம் ஆகிவிடும்.

பாரிஸுக்காக மாற்றியவை

பாரிஸிலிருந்து சுமார் 32 கிலோமீற்றர் கிழக்கே மார்ன் லா வலேயில் 1992 ஏப்ரல் 12ஆம் திகதி ‘யூரோ டிஸ்னி’ திறக்கப்பட்டபோது பிரான்ஸ் மகிழ்ந்து வரவேற்கவில்லை. நாடக இயக்குநர் ஆரியான் முனூஷ்கின் அதைக் கலாசாரச் செர்னோபில் என்று வர்ணித்தார். பூங்காவுக்குள் மதுவே இல்லை என்ற அமெரிக்க வழக்கம் பிரெஞ்சுக்காரருக்கு வேடிக்கையாகப் பட்டது. 1993இல் அந்த விதி தளர்த்தப்பட்டது. கடன் சுமையில் தள்ளாடிய நிறுவனம் 1994இல் மறுசீரமைக்கப்பட்டு, பெயரும் ‘டிஸ்னிலாண்ட் பாரிஸ்’ என்று மாறியது.

வடிவமைப்பாளர்களுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. உண்மையான கோட்டைகள் நிறைந்த ஒரு நாட்டில் யார் போலிக் கோட்டையைப் பார்க்க வருவார்கள்? அதனால் இங்குள்ள கோட்டை உண்மைக் கோட்டைகளைப் போல இல்லாமல், பழைய ஓவியங்களில் வரும் கனவுக் கோட்டையாக அமைக்கப்பட்டது. மோன் சென் மிஷேல் மடாலயத்தின் சாயலும் அதில் உண்டு. சாம்பல் நிற வானத்தில் எடுப்பாகத் தெரிவதற்கு இளஞ்சிவப்பு. கோட்டைக்குக் கீழே ஒரு குகையும் அதற்குள் சங்கிலியில் கட்டிய சுமார் 27 மீற்றர் நீள இயந்திரப் பறவைநாகமும் உண்டு. அது நடந்துபோய்ப் பார்க்கும் இடம் என்பதால் பெரிய வரிசை இருப்பதில்லை. கோட்டையின் முன்னால் படம் எடுத்துவிட்டு அதைப் பாராமலே போகிறவர்கள்தான் அதிகம்.

பாரிஸின் மழையையும் கணக்கில் எடுத்தார்கள். கடைத்தெருவின் இரு பக்கமும் கட்டடங்களுக்குப் பின்னால் கூரையிட்ட நடைபாதைகள் உள்ளன. மழைக்கு மட்டுமல்ல, இரவு வாணவேடிக்கை முடிந்து கூட்டம் முழுவதும் ஒரே தெருவால் வெளியேறும்போது தள்ளுவண்டியோடும் முதியவர்களோடும் நெரிபடாமல் வெளியே வர அதைவிட நல்ல வழி இல்லை.

வரிசை என்னும் தொழில்நுட்பம்

மூன்று நிமிடம் ஓடும் பீட்டர் பான் சவாரிக்கு முக்கால் மணி நேரம் நிற்பது அங்கே வழமை. ஆனாலும் பெரும்பாலானோர் சண்டை பிடிப்பதில்லை. காரணம், காத்திருப்பும் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

காத்திருப்பின் உளவியல் பற்றி டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. சும்மா நிற்கும் நேரம், ஏதாவது செய்துகொண்டு நிற்கும் நேரத்தைவிட நீளமாகத் தோன்றும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். அநியாயமான காத்திருப்பு, நியாயமான காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்கிறார் அவர். பூங்காவின் வரிசைகள் வளைந்து வளைந்து போவதும், வழியெங்கும் பார்ப்பதற்கு ஏதாவது இருப்பதும், வாசலில் நேரம் எழுதியிருப்பதும் இதனால்தான். முழு நீளத்தையும் ஒரே பார்வையில் கண்டுவிட்டால் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள்.

இந்த மூன்றாவது விதிதான் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. வரிசையில் நிற்காமல் குறித்த நேரத்தில் வந்து ஏறும் ‘ஃபாஸ்ட்பாஸ்’ முறை 1999இல் அறிமுகமானபோது இலவசம். நுழைவுச்சீட்டு வைத்திருந்த எல்லோருக்கும் ஒரே உரிமை. பாரிஸில் 2021 ஓகஸ்ட் முதல் அதன் இடத்தில் ‘பிரிமியர் அக்சஸ்’ வந்துவிட்டது. ஒவ்வொரு சவாரிக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்க வேண்டும். நாளுக்கு நாள், சவாரிக்குச் சவாரி விலை மாறும். முன்பு காலையில் நேரத்துக்கு வந்தவர் முன்னே போனார். இப்போது கூடுதலாகப் பணம் கொடுத்தவர் போகிறார். பக்கத்துப் பாதையால் ஒரு குடும்பம் விரைந்து போவதைப் பார்த்து “அவை மட்டும் ஏன் போகினம்?” என்று பிள்ளை கேட்கும். அதற்கான பதிலை வீட்டிலேயே யோசித்து வைத்திருப்பது நல்லது.

உடைக்குள் இருப்பவர்கள்

டிஸ்னியின் அகராதியில் ஊழியர் என்ற சொல் இல்லை. நாடகத்தில் போல ‘நடிகர் குழுவினர்’. சீருடை என்பது ‘வேடம்’. வருகிறவர் வாடிக்கையாளர் அல்ல, ‘விருந்தினர்’. பொதுமக்கள் நடமாடும் இடம் ‘மேடை’, மற்றையது ‘மேடைப் பின்புறம்’. துப்புரவு செய்பவரும் மேடையில் நிற்பவர்தான்; சிரிக்க வேண்டும்.

நான் அங்கே போனது பாரிஸில் வாழும் அக்கா குடும்பத்தோடு. எல்லோரும் ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உணவகச் சமையலறையில் வேலை செய்யும் அத்தான் சுவரின் நிறத்திலேயே இருந்த ஒரு கதவைக் காட்டி, “அதுதான் சாமான் இறக்கிற வாசல்” என்றார். சற்று நேரத்தில் அது திறந்து, பெட்டிகளோடு ஒரு தள்ளுவண்டி எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போனது. பாரிஸின் எத்தனையோ உணவகங்களில் பின்வாசலால் வேலைக்குப் போய்ப் பின்வாசலால் வீடு திரும்பும் எம்மவர்களுக்கு அந்தக் கதவைக் கண்டுபிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கதவுக்கு அப்பால் இருப்பவர்கள் 2023 மே, ஜூன் மாதங்களில் வெளியே வந்தார்கள். மாதத்துக்கு 200 யூரோ சம்பள உயர்வும் ஞாயிறு வேலைக்கு இரட்டைச் சம்பளமும் கேட்டு டிஸ்னிலாண்ட் பாரிஸ் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பூங்காவுக்குள்ளேயே ஊர்வலம் போனார்கள். கலிபோர்னியாவில் மிக்கி, மினி போன்ற வேடங்களில் தோன்றுவோரும் ஊர்வலக் கலைஞர்களுமாகச் சுமார் 1,700 பேர் 2024 மே மாதம் தொழிற்சங்கத்தில் இணைய வாக்களித்தார்கள். கனமான வேடத்துக்குள் வியர்க்க வியர்க்க நிற்பவர் பேச முடியாது. கட்டிப்பிடிக்கும் பிள்ளையைத் தள்ளவும் முடியாது. வேடத்தின் வாலை இழுக்க வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நாம் செய்யக்கூடிய சிறிய மரியாதை.

போகுமுன் செய்ய வேண்டியவை

வீசா: ஊரிலிருந்து வரும் பெற்றோர் உங்கள் வீட்டில் தங்குவதானால், உங்கள் நகரசபையில் வரவேற்புச் சான்றிதழ் பெற்று அனுப்ப வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுடன் பிரித்தானியாவில் வதிவிட அனுமதி மட்டும் உள்ளவர்களுக்கும் ஷெங்கன் வீசா கட்டாயம்.

போக்குவரத்து: லாச்சப்பலிலிருந்து போவோர் கார் து நோர் நிலையத்தில் பி தடத்தில் ஏறி, ஷாத்லேயில் ஏ தடத்துக்கு மாறினால் போதும். ஏ தடம் கிழக்கே இரண்டாகப் பிரியும்; மார்ன் லா வலே – ஷெஸ்ஸி என்று பலகையில் எழுதிய ரயிலில் மட்டும் ஏறுங்கள். கடைசி நிறுத்தம்தான் பூங்காவின் வாசல். 2025 ஜனவரி முதல் இப்பிராந்தியத்தின் மெட்ரோ, ரயில் பயணங்களுக்குத் தூரத்தைப் பாராமல் ஒரே கட்டணம். அறிமுகமானபோது அது 2.50 யூரோ. இலண்டனிலிருந்து பூங்காவுக்கு நேரடியாக வந்த யூரோஸ்டார் சேவை 2023 ஜூனில் நிறுத்தப்பட்டதால், இப்போது லீல் அல்லது பாரிஸில் ரயில் மாற வேண்டும்.

நுழைவுச்சீட்டு: மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். 12 வயதிலிருந்து பெரியவர் கட்டணம். நாளைப் பொறுத்து விலை மாறும். பிரெஞ்சுப் பாடசாலை விடுமுறைகளையும் வார இறுதிகளையும் தவிர்த்தால் பணமும் மிஞ்சும், வரிசையும் குறையும்.

உயரம்: பிள்ளையை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். பிக் தண்டர் மவுண்டனுக்கும் டவர் ஒஃப் டெரருக்கும் 102 சென்ரிமீற்றர், ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 120, இந்தியானா ஜோன்ஸ் சவாரிக்கு 140. ஒரு மணி நேரம் நின்று வாசலில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையின் அழுகையை எந்த ஐஸ்கிரீமும் நிறுத்தாது.

நேரம்: திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே வாசலில் நில்லுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் பீட்டர் பான், இரண்டாவது பூங்காவில் ரட்டட்டூயி போன்ற நீள வரிசைச் சவாரிகளை முடித்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டைப் பதினொன்றரைக்கோ இரண்டரைக்குப் பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். ஊர்வலம் நடக்கும்போது சவாரிகளில் கூட்டம் குறையும்.

கைக்குழந்தை: பெற்றோரில் ஒருவர் சவாரி போக, மற்றவர் பிள்ளையுடன் நின்று, பிறகு மீண்டும் வரிசையில் நிற்காமல் ஆள் மாறிக்கொள்ளும் வசதி பெரிய சவாரிகளில் உண்டு. வாசலில் நிற்பவரிடம் கேட்டால் வழி சொல்வார். கேட்காதவர்களுக்கு அது தெரிவதே இல்லை.

முதியவர்கள்: ஒரு நாளில் பத்துக் கிலோமீற்றர் நடந்துவிடுவது சாதாரணம். சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தனி அணுகல் அட்டைகள் உண்டு. அதற்கான மருத்துவ ஆவணங்களை முன்பே ஆயத்தம் செய்யுங்கள். பூங்காவைச் சுற்றும் நீராவி ரயிலும் ஏரிப் படகும் முழங்கால் வலிக்காரருக்கு ஏற்றவை.

உணவு: சிறிய தின்பண்டமும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோகலாம். கண்ணாடிப் போத்தலுக்கும் குளிர்ப்பெட்டிக்கும் அனுமதியில்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் புரியாணியை உள்ளே பரப்பி வைத்துச் சாப்பிட முடியாது. வெளியே, வாகனத் தரிப்பிடத்துக்கும் வாசலுக்கும் இடையில் அதற்கென மேசைகள் போட்ட இடம் இருக்கிறது.

கடைகள்: சில சவாரிகளின் வெளிவாசல் நேரே கடைக்குள் திறக்கும். ‘ஒரு பொருள், இவ்வளவு பணம், மாலையில் வாங்குவோம்’ என்று காலையிலேயே பிள்ளையோடு பேசி முடித்துவிடுங்கள்.

தொலைந்தால்: சந்திக்கும் இடம் ஒன்றை முதலிலேயே காட்டிவையுங்கள். பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டு இருக்கட்டும். பிரெஞ்சு தெரியாத அம்மம்மாவிடமும் அதே துண்டைக் கொடுங்கள். பிள்ளைகளைத் தேடிக்கொண்டு வர ஒரு நிலையம் இருக்கிறது. பெரியவர்களுக்கு அந்தத் துண்டுதான் துணை.

கடைசியாக ஒன்று. அங்குள்ள எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. பார்க்க முடியாதபடிதான் அது கட்டப்பட்டிருக்கிறது. இன்னொரு நாள் வர வேண்டும் என்ற ஏக்கமும் அந்தக் கணக்கில் சேர்ந்ததே. வீட்டிலேயே ஆளுக்கு ஒன்று என்று ஐந்தோ ஆறோ தெரிவு செய்துகொண்டு போங்கள். அவற்றைப் பார்த்து முடித்ததும் ஒரு வாங்கில் ஆறுதலாக உட்காருங்கள். பேரப்பிள்ளையோடு பேசத்தான் அம்மம்மா அவ்வளவு தூரம் வந்தவர்.